ஒரே மாதிரிக் கதவுகள்

காரின் கூரைத் துணிக்கு உள்ளே வயரை நுழைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கம்பியை விட்டுப் பார்த்தாள், வளைந்துகொண்டது. வயரையே தள்ளிப் பார்த்தாள், பாதி வழியில் சுருண்டு படுத்துக்கொண்டது. கடைசியில் கைப்பையைத் துழாவிப் பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற நூலை எடுத்தாள். அதன் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி, உள்விளக்கு இருந்த பள்ளத்தில் போட்டு, துணிக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள். நட்டு சமர்த்தாகக் காந்தத்தோடு ஊர்ந்து வந்து முன்கண்ணாடி ஓரத்தில் எட்டிப்பார்த்தது. நூலின் மறுமுனையில் வயர். நாள் முழுக்கச் செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் இப்படியெல்லாம் யோசனை போகும்.

அவள் பொருத்திக்கொண்டிருந்தது, பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற கண்ணாடிதான். ஆனால் சாதாரணக் கண்ணாடி இல்லை. அதன் அடியில் வரிசையாகச் சின்னப் பொத்தான்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்றை அழுத்தினால் வீட்டுக் கராஜ் கதவு திறக்கும். விலை கூடின கார்களில் கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இவர்களுடையது அதே காரின் ஏழைத் தங்கச்சி. ரிமோட்டை மடியிலோ பக்கத்து இருக்கையிலோ போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். போன மாதம் அது வழுக்கி விழுந்து பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. அன்றைக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதற்கப்புறம்தான் பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்துக்குப் போய், நசுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து இந்தக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிவந்தாள்.

"என்ன இன்ஜினியரம்மா, கார் இனிமே ஓடுமா, இல்ல தள்ளிட்டே போகணுமா?" என்றான் கணவன். கையில் காபியோடு கராஜ் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். இந்தப் பட்டம் அவன் கொடுத்ததுதான். ஒருமுறை துணி துவைக்கும் இயந்திரத்தைப் பிரித்துச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று அவள் உட்கார்ந்து, சமையலறை முழுக்கத் தண்ணீர் புகுந்து, கீழ்த்தட்டில் இருந்த சாமானெல்லாம் மிதந்தது. அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். அவள் முகம் கொடுத்துச் சிரிப்பாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். வேலையிடத்தில் அவள் கட்டிய பல் அரை இழை பிசகியது என்று யாரும் சொன்னதில்லை. வீட்டில் ஒரு திருகாணியைத் தொட்டால் போதும், ஆளாளுக்கு ஒரு சிரிப்பு.

அவள் பக்கம் பேசுகிற ஒரே ஆள் மாமனார். அன்றைக்கு மத்தியானம் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுகூடத் தன் திருப்புளிப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டுத்தான் போனார். "நீ பண்ணும்மா. அவன் பல்பு மாட்டுறதுக்கே ஆள் கூப்பிடுறவன்." காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றும் ஸ்டியரிங்கை விட மனசில்லை. டிப்போவுக்குப் பின்னால் ஓர் அறையில் அவரைப் போலவே ஓய்வு பெற்ற டிரைவர்கள் கூடிச் சீட்டாடுவார்கள். அதற்குத்தான் போகிறார், ஆனால் போவதைவிடப் போகிற வழிதான் அவருக்கு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். மனைவி போனபிறகு அவர் முகம் தெளிவாக இருப்பது அந்தக் காருக்குள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டும்போதுதான். பனி மூடி எதிரே எதுவும் தெரியாத காலையிலும் ஒரு ஸ்டாப்பைத் தவறவிட்டதில்லை என்பார். ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். யாரும் மறுத்ததில்லை.

வயர் வேலை முடிந்தது. கண்ணாடியில் குட்டி விளக்கு எரிந்தது. இனிமேல் அறிமுகம் செய்துவைக்கிற வேலை. பழைய ரிமோட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கண்ணாடி அதன் பாஷையைப் படித்துக்கொள்ளும். அது சுலபமாக நடந்தது. பிறகு கூரையில் தொங்குகிற மோட்டாரின் முதுகில் ஒரு மஞ்சள் பொத்தான். அதை லேசாகத் தொட்டுவிட்டால் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். அது அணைவதற்குள் ஓடிவந்து காருக்குள் ஏறிக் கண்ணாடிப் பொத்தானை அழுத்த வேண்டும். மோட்டார் புதுச் சொந்தத்தை ஒப்புக்கொண்டுவிடும்.

ஒப்புக்கொள்ளவில்லை. முதல் தடவை ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் விளக்கு போய்விட்டது. மறுபடி ஏறினாள், ஓடினாள், அழுத்தினாள். கதவு கல்லு மாதிரி நின்றது.

"ஆள் கூப்பிடட்டுமா?" என்றான் வாசற்படிக்காரன்.

அந்த ஒரு கேள்வியில் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்டூலில் ஏறினாள். 'இந்தா, நல்லா வாங்கிக்கோ' என்று மஞ்சள் பொத்தானில் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பிடித்தாள். விளக்கு எரிந்தது. விரலை எடுக்காமலே முறைத்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. 'அதுவும் போச்சா' என்று திட்டிவிட்டு இன்னொரு தரம், இந்தத் தடவை லேசாக, தொட்டாள். ஓடினாள். அழுத்தினாள். கதவு கிறீச்சிட்டு மேலே போனது. வெளிச்சம் அவள் மடிவரை வந்து விழுந்தது.

கணவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினான். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே. தானும் காருக்குள் ஏறி உட்கார்ந்து கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்தான். "அடேங்கப்பா. கம்பெனியில வச்ச மாதிரியே இருக்கு" என்றான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய ரிமோட்டைச் சமையலறை இழுப்பறையில் போட்டுவிட்டு, சாயங்காலம் முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள்.

இருட்டுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் முன்கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. மூலை வீட்டு அம்மாள், குடையோடு. குடைக்கு அடியில் மாமனார். அவருக்குக் குடை பிடித்தும் பிரயோஜனமில்லை, தலையிலிருந்து செருப்புவரை ஏற்கெனவே நனைந்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. யாரோ எங்க கராஜுக்கு முன்னாடி ரொம்ப நேரமா நிக்கிறாங்கன்னு பயந்துட்டேன். எட்டிப்பாத்தா உங்கப்பா. ரிமோட்ட எங்க கதவுக்கு நேரா நீட்டி நீட்டி அமுக்கிட்டு இருக்காரு. அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக் கதவுலயும் பண்ணிருக்காரு" என்று சொன்னவள், குரலைத் தணித்து, "பாத்துக்கோங்க. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள்.

அவர்கள் அந்தக் குடியிருப்புக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாம் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். பின்சந்தில் பார்த்தால் வரிசையாகச் சாம்பல் நிறக் கதவுகள்தான், ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது, நம்பரும் கிடையாது. கணவனே வந்த புதிதில் பக்கத்து வீட்டுக் கதவின் முன்னால் நின்று ஹாரன் அடித்திருக்கிறான். அதை இப்போது யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

மாமனார் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார். "கதவுகிட்ட வந்து அமுக்கினேன். தொறக்கல. கார விட்டு எறங்கி, இன்னும் கிட்டப் போய் அமுக்கினேன். தொறக்கல. அப்பத்தான் தோணிச்சு, இது நம்ம வீடு இல்ல போலன்னு. அடுத்த கதவுக்குப் போனேன். அதுவும் இல்ல. மழை வேற. திரும்பிப் பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கு." துண்டைக் கீழே இறக்கினார். "நம்ம வீடு எதுன்னே ஒரு நிமிஷம் எனக்குத் தெரியலடா."

அவளுக்குத் தன் கட்டைவிரலுக்கு அடியில் அந்த விளக்கு அணைந்தது கண்முன் வந்து நின்றது. சமையலறைக்குப் போனாள். இழுப்பறையிலிருந்து பழைய ரிமோட்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போய் அழுத்தினாள். கதவு அசையவில்லை. போனில் தேடினாள். அவள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட அதே வீடியோவின் கடைசியில், அவள் பொறுமையில்லாமல் நிறுத்திவிட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அந்த ஆள் சொன்னான்: மஞ்சள் பொத்தானை விளக்கு அணையும்வரை பிடித்திருந்தால் மோட்டார் எல்லா ரிமோட்டையும் மறந்துவிடும், ஜாக்கிரதை.

மறந்தது மோட்டார். மாமனார் இல்லை.

சொல்லிவிடத்தான் திரும்பி வந்தாள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அதற்குள் கணவன் சொன்னான்: "கதவுல ஒண்ணும் கோளாறு இல்லப்பா. இன்னிக்குத்தான் இவ அதுல புதுசா வேலையே பண்ணியிருக்கா. பிரமாதமா பண்ணியிருக்கா. நானே பாத்தேன்." அந்தப் 'பிரமாதமா' அவளை மடக்கிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பிரமாதம் அது. இப்போது சொன்னால் துணி துவைக்கும் இயந்திரக் கதைக்கு இரண்டாம் பாகம் கிடைத்துவிடும், ஆயுசுக்கும். சொல்ல வந்ததை மென்று முழுங்கினாள். "சூடா ஏதாவது குடிக்கிறீங்களா மாமா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு, "உனக்குத்தான் சிரமம்" என்றார்.

"ரிமோட்ட காலையில நான் பாக்குறேன்" என்றான் கணவன். இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைச் சோதித்து அறிக்கை எழுதுகிற உத்தியோகம் அவனுக்கு. எதையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் நம்புவான்.

அவன் எழுவதற்கு முன்னால் அவள் எழுந்துவிட்டாள். மாமனார் முன்கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்த அவருடைய ரிமோட்டை எடுத்தாள். ஸ்டூலில் ஏறி மஞ்சள் பொத்தானைத் தொட்டாள், பூவைத் தொடுகிற மாதிரி. இறங்கி வந்து ரிமோட்டை அழுத்தினாள். மோட்டார் முனகியது, கதவு ஒரு சாண் எழும்பியது. சட்டென்று மறுபடி அழுத்தி அதை இறக்கினாள். ரிமோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். இனிமேல் எல்லாம் சரி, கதவு திறக்கும், நேற்று மழையில் ஏதோ கோளாறு என்று பேச்சு முடிந்துவிடும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். கணவன் காலையில் சோதிக்கப்போகிறான் என்று தெரிந்துதான் செய்தாள். அது என்ன முடிவைச் சொல்லும் என்பதும் தெரியாமல் இல்லை. தெரியாத மாதிரி அவளே அவளிடம் நடித்தாள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பின்சந்துக்குப் போனான். அவளும் பின்னாலேயே போய்க் குப்பைத்தொட்டிப் பக்கமாக நின்றாள். அவன் ரிமோட்டை நீட்டி அழுத்தினான். கதவு திறந்தது. மூடினான். சந்தின் முனைவரை நடந்துபோய் அங்கிருந்து அழுத்தினான். திறந்தது. பேட்டரியைக் கழற்றிப் பார்த்து மாட்டினான். "அமுக்க அமுக்கத் தொறக்குதுப்பா" என்றான். குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை, அழுகைதான் இருந்தது.

மாமனார் மேலே போகிற கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகனிடமிருந்து ரிமோட்டை வாங்கித் தானே ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். கதவு சொன்னபடி கேட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து மகன் கையில் வைத்தார்.

"நீயா கேக்குறதுக்கு முன்னாடி நானே குடுத்துடுறேன்" என்றார். "பஸ்ஸுல அத்தனை பேர் உயிரு என் கையில இருந்துச்சு. இப்ப என் மேல எனக்கே நம்பிக்கை இல்லன்னா ஓட்டக் கூடாது."

குப்பைத்தொட்டிப் பக்கம் நின்றவளுக்கு அதற்குள்ளேயே இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நரகம். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் நரகம். கணவன் ஞாபகமறதி டாக்டரிடம் நேரம் வாங்கினான். மூலை வீட்டு அம்மாள் தன் மாமாவுக்கு எப்படி முற்றியது என்று படிப்படியாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். மாமனார் சீட்டாடப் போவதை நிறுத்தினார். பஸ்ஸில் போகலாமே என்று மகன் சொன்னதற்கு, "நான் பாசஞ்சரா போய் எறங்கினா அவனுங்க என்ன ஏதுன்னு கேப்பானுங்க" என்றார். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். எதையாவது சொல்லத் தொடங்கி, "இத ஏற்கெனவே சொல்லிட்டேனா?" என்று நடுவில் நிறுத்தினார். முன்பெல்லாம் ஆயிரம் தடவை சொன்ன கதையைக் கூசாமல் ஆயிரத்தோராவது தடவை சொல்வார். அவள் வேலையிடத்தில் மெழுகைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. ஒரு கடைவாய்ப் பல்லை மூன்று தரம் அழித்துச் செய்தாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் வீட்டுக்கு வருவாள். கண்ணாடிப் பொத்தானை அழுத்துவாள். கதவு திறக்கும். அதோடு தைரியம் போய்விடும். தாமதம் ஆக ஆக, சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டிருந்தது: செய்த தப்பு ஒன்று, மறைத்தது ஒன்று. முதலாவதுக்குச் சிரிப்பார்கள். இரண்டாவதுக்கு யார் சிரிப்பார்கள்?

டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம், வேலை முடிந்து பின்சந்துக்குள் காரைத் திருப்பியவள் பிரேக்கை மிதித்தாள். மாமனார் சந்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். சும்மா நடக்கவில்லை. ஒவ்வொரு கராஜ் கதவையும் உள்ளங்கையால் தொட்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தார். அவர்கள் வீட்டுக் கதவுக்கு வந்ததும் நின்று, பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்துக் கைப்பிடியில் கட்டினார். அது பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் வீசிக் காட்டுகிற துணி. பழைய பெட்டியில் ஞாபகத்துக்கு வைத்திருந்தார். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, தூரத்திலிருந்து தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

அவள் காரை நடுச்சந்திலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

"என்ன மாமா இது?"

அவர் திருடியவர் மாதிரி விழித்தார். "ஒண்ணுமில்லம்மா. ஒரு அடையாளத்துக்கு. நடந்து வந்தாலும் வீடு தெரியணுமில்ல."

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "உள்ள வாங்க" என்றாள். அவருடைய ரிமோட்டைத் தேடி எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "தொறங்க."

"எதுக்கும்மா?"

"தொறங்க மாமா, சொல்றேன்."

அவர் அழுத்தினார். கதவு சிவப்புத் துணியோடு மேலே போனது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மஞ்சள் பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள். விளக்கு எரிந்தது. எடுக்கவில்லை. அணைந்தது.

"இப்ப மூடுங்க."

அழுத்தினார். கதவு நின்ற இடத்திலேயே நின்றது. ரிமோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். கையை நீட்டி, கிட்டப் போய், அன்றைக்கு மழையில் எப்படி அழுத்தியிருப்பாரோ அப்படி அழுத்தினார். அவளால் பார்க்க முடியவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்காமலே சொன்னாள்.

"நான்தான் மாமா. அன்னிக்கு என் கார்ல மாட்டும்போது இத இப்படித்தான் புடிச்சு அமுக்கினேன். உங்க ரிமோட் செத்துப்போச்சு. மறுநாள் காலையில யாருக்கும் தெரியாம நானே சரி பண்ணி வச்சேன். அதுக்கப்புறம்தான் அவரு சோதிச்சுப் பாத்தாரு. நீங்க எதையும் மறக்கல. நீங்க நம்ம வீட்டுக் கதவுகிட்டதான் மொதல்ல வந்து நின்னீங்க."

அவர் ரிமோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் நனைஞ்சு வந்து உக்காந்திருந்தேனே, அப்பவே தெரியுமா உனக்கு?"

பொய் சொல்ல ஓர் இடம் இருந்தது. "அப்பவே தெரியும்" என்றாள்.

அவர் தலையை அசைத்தார். "சாவிய குடுக்கிறப்பவும் நீ அங்கதான் நின்னே" என்றார். கேள்வியாக இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோட்டார் பக்கம் திரும்பினாள். "இருங்க மாமா, இப்பவே ரெண்டையும் திரும்பச் சேத்துடுறேன்."

"சேக்காத." அந்தக் குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை. அத்தனை காலம் ஒரு பஸ் நிறைய ஆட்களை உட்கார வைத்த குரலாக இருக்க வேண்டும். "அவன் வர்ற நேரந்தான். அப்படியே இருக்கட்டும். அவனும் பாக்கட்டும்."

அவள் கையைக் கீழே இறக்கினாள். அவர் கராஜின் வாசலுக்குப் போய்ச் சந்தைப் பார்த்து நின்றார். தலைக்கு மேலே, திறந்த கதவின் விளிம்பில், சிவப்புத் துணி காற்றில் ஆடியது. சந்தின் முனையில் ரயிலிறங்கி நடந்துவருகிற கணவன் தெரிந்தான். நடுவழியில் அநாதையாக நின்ற அவள் காரைப் பார்த்து நடையை எட்டிப் போட்டான். அவள் இன்னும் ஸ்டூல் மேலேயே நின்றுகொண்டிருந்தாள். மாமனார் திரும்பிப் பார்க்காமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அதன் நுனியில் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்து அணைந்தது, கதவு அசையவே இல்லை.